பேஸ்மேக்கர் பொருத்திய பின் மலையேற்றமும் கரப்பந்தாட்டமும்

மேற்பிரிவு ஆசிரியர்:
வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன்; வயது 43. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்தொடர்பு முற்றாகத் தடைப்பட்டதால், சில மாதங்களுக்கு முன் கண்டியில் இடப்பக்கக் காறை எலும்பின் கீழே இரண்டு வயர்கள் கொண்ட பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கச் செய்யும் மின்கருவி) பொருத்தினார்கள். காயம் ஆறிவிட்டது. சமதரையில் எவ்வளவு தூரமும் நடக்கிறேன். ஆனால் பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையால் லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) ஏறும்போது, மாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் திடீரெனக் கால் தளர்ந்து மூச்சு வாங்குகிறது. சற்று நின்றால் சரியாகிவிடுகிறது. அம்மாவோ தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடுவதில்லை. தோட்ட அணியில் கரப்பந்து ஆடி வந்தவன் நான், வலது கைக்காரன். சித்திரை வருடப்பிறப்புப் போட்டிக்கு முன் மீண்டும் ஆடத் தொடங்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
ஆசிரியர் அவர்களுக்கு, இருதய நோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். களைப்பு மெல்ல மெல்லக் கூடாமல், ஏறக்குறைய ஒரே இடத்தில் சட்டென்று வந்து, நின்றதும் விலகுகிறது என்பதை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். உங்களுக்குப் பொருத்தியது போன்ற கருவி மேலறையின் ஒவ்வொரு துடிப்பையும் கவனித்து, அதற்கேற்பக் கீழறையைத் துடிக்கச் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு மேல் வரம்பு உண்டு, பெரும்பாலும் அதை நிமிடத்துக்கு 120 அல்லது 130 என்று வைத்திருப்பார்கள். வயதானவர்களுக்கு அது தாராளமாகப் போதும். செங்குத்தான பாதையில் உங்கள் மேலறை 140, 150 என்று ஓடினால், கருவி சில துடிப்புகளை விட்டுவிடும்; அதன் அமைப்பைப் பொறுத்து, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நாடி ஒரேயடியாகப் பாதியாக இறங்கவும் கூடும். உங்களுக்கு நேர்வது அதுதானா என்பதைக் கருவியின் பதிவுகளைப் பார்த்தே சொல்ல முடியும். இரத்தச்சோகை, இதயத் தசையின் பலவீனம் போன்றவற்றையும் பார்க்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது, எவ்வளவு ஏறிய பின் வந்தது, அப்போது நாடி என்ன என்று குறித்துக்கொண்டு போங்கள். வரம்பை மாற்ற வேண்டியிருந்தால் கருவியின் அமைப்பை வெளியிலிருந்தே மாற்றும் புரோகிராமர் என்ற இயந்திரத்தின் முனையை நெஞ்சின் மேல் வைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள். திரும்ப வெட்டத் தேவையில்லை. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்பதெல்லாம் பொதுவாக முதல் 4 முதல் 6 கிழமைகளுக்கான கட்டுப்பாடு. வயர்களின் நுனி இதயச் சுவரில் நன்றாகப் பற்றிக்கொள்வதற்காகவே அப்படிச் சொல்கிறார்கள். அதன் பிறகும் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிப்போகும் என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். கரப்பந்தில் வலது கையால் ஸ்மாஷ் அடிப்பதைவிட, வலையருகே இரண்டு கைகளையும் வீசித் தடுப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்: இடது கை ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேல் வேகமாகப் போய்வந்தால், காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் இடையில் வயர் நசுங்கித் தேய இடமுண்டு. பின்வரிசையில் ஆடுங்கள் என்பேன். றக்பி, குத்துச்சண்டை போல நெஞ்சில் இடி விழும் ஆட்டங்கள் வேண்டவே வேண்டாம்.

பண்டாரவளைக்காரர்:
சேர், எனக்கும் பொருத்தியிருக்கிறது, ஆனால் காரணம் வேறு. இதயத்தின் இயற்கையான துடிப்பு முனையே சோர்ந்துவிட்டதால், மலையேறினாலும் என் நாடி தானாக உயராது. உடல் அசைவை உணர்ந்து கருவிதான் அதை உயர்த்த வேண்டும். அந்த உணரிக்குத் தெரிவது அதிர்வு மட்டுமே, உழைப்பு அல்ல. அதனால் மூட்டையோடு மெதுவாக மேலே ஏறும்போது சும்மா இருந்துவிட்டு, தடதடவென்று கீழே இறங்கும்போது நாடியை ஏற்றிவிடும்! சைக்கிள் மிதிக்கும்போதும் உடம்பின் மேற்பகுதி அதிகம் அசையாததால் இதே கதைதான். கிளினிக்கில் இதைச் சொன்னதும், என்னை வைத்தியசாலைப் படிக்கட்டில் ஏறி இறங்கச் செய்து, உணரியின் கூர்மையைக் கூட்டிவிட்டார்கள். இப்போது கைகளை நன்றாக வீசி ஏறுகிறேன். சிவனொளிபாதமலைக்கு (2,243 மீற்றர்) இந்தப் பருவத்தில் நல்லதண்ணி வழியாகப் போகவும் வைத்தியர் சம்மதித்துவிட்டார். அந்த உயரம் கருவியை ஒன்றும் செய்யாதாம், என் மூச்சைப் பார்த்து நின்று நின்று ஏறினால் போதுமாம்.

லிந்துலை இளைஞன்:
எதற்கு வீண் சோதனை, சேர்? என் மாமாவுக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறது. அவர் விளையாட்டு, நடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

மேற்பிரிவு ஆசிரியர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்த கிளினிக்குக்கு முன் அந்த ஏற்றத்தில் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்கிறேன். பின்வரிசை ஆட்டம் பற்றியும் வைத்தியரிடமே கேட்டு, அவர் சம்மதித்த பின்தான் பந்தைத் தொடுவேன்.

ஓய்வுபெற்ற தாதி:
லிந்துலைத் தம்பி, மாமா நடையை விட்டதுதான் எனக்குக் கவலை. நடையை விட்டுவிட்டுப் புல் வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருக்கிறார்! அதன் எஞ்சினின் தீப்பொறிப் பகுதி கருவியிலிருந்து குறைந்தது 30 சென்றிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். அதைத் தொங்கவிடும் வார் பெரும்பாலும் இடது தோளின் மேலாகத்தான் வரும். பாரத்தோடு கருவியின் மேலேயே உரசிக்கொண்டிருந்தால் அந்த இடத்துத் தோல் புண்ணாகிவிடும். அந்த இடம் சிவந்தோ மெலிந்தோ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.