மாமா விழுங்கிய கேப்ஸ்யூல்

செல்வி: கவிதா, மருந்துக்கடையில்தான் இருக்கிறாயா? மாமா அந்த மூச்சில் இழுக்கிற கேப்ஸ்யூலைக் காபி ஊற்றி விழுங்கிவிட்டார். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் குடும்பக் குழுவில் எழுதுகிறேன்.

கவிதா: கவுண்டரில் கூட்டம் அத்தை. மாமாவுக்கு மயக்கம், படபடப்பு ஏதாவது இருக்கிறதா?

செல்வி: அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எனக்குத்தான் படபடப்பு.

கவிதா: அப்போ பயப்படாதீங்க. மூச்சுக்குழாயைத் திறக்கிற டியோட்ரோப்பியம்தானே? ஒரு கேப்ஸ்யூலில் 18 மைக்ரோகிராம்தான் மருந்து. வயிற்றுக்குப் போனால் ரத்தத்தில் ஏறுவது ரொம்பக் கொஞ்சம். கெடுதல் வராது, பலனும் கிடைக்காது. மாமா, இன்றைக்கு மட்டும்தானே இப்படி?

பால்ராஜ்: வாங்கினதிலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறேன். மாத்திரை மாதிரி இருந்தால் மாத்திரைதானே.

சரவணன்: அப்பா!!

செல்வி: கடவுளே. மருந்து கேட்கவில்லை, டாக்டரை மாற்றலாம் என்று நேற்றுகூடச் சொன்னாரே.

கவிதா: திட்டாதீங்க அத்தை. உலகம் முழுக்க நடக்கிறதுதான் இது. 2008-ல் அமெரிக்க மருந்துத் துறையே, "இதை விழுங்காதீர்கள், உறிஞ்சுங்கள்" என்று அறிவிப்பு விட்டது. அந்த பிளாஸ்டிக் கருவி எங்கே?

செல்வி: பீரோவில் டப்பாவோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.

கவிதா: எடுங்கள். கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, கேப்ஸ்யூலைப் போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். கருவியில் போட்டு மூடி, உள்ளே இருக்கும் ஊசியால் கேப்ஸ்யூலில் துளை போடணும். முதலில் மூச்சை வெளியே முழுக்க விடணும், கருவிக்குள் ஊதக் கூடாது, ஊதினால் ஈரத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். உதட்டை நன்றாக மூடி ஆழமாக இழுங்கள். கேப்ஸ்யூல் உள்ளே கரகரவென்று சுற்றுகிற சத்தம் கேட்கணும். சத்தம் இல்லை என்றால் பொடி போகவில்லை. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, அப்புறம் அதே கேப்ஸ்யூலில் இன்னொரு இழுப்பு. முடித்ததும் வாய் கொப்பளிக்கலாம். பொடி கண்ணில் படக் கூடாது, கண் அழுத்தம் ஏறலாம். இன்றைக்கே இன்னொன்று போடலாமா என்று மட்டும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

சண்முகம்: [ஃபார்வர்டு செய்யப்பட்டது] ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைத்தால் இழுப்பு ஒரே நாளில் நிற்கும். அனைவருக்கும் பகிரவும்.

சண்முகம்: மாப்பிள்ளை, நம் பாட்டன் காலத்து வைத்தியம் இது. பவுடர் எல்லாம் எதற்கு.

கவிதா: அப்பா, அதை அழியுங்கள் முதலில். ஆனால் ஒன்று, அந்தக் கதை முழுப் பொய் இல்லை. ஊமத்தைப் புகை மூச்சுக்குழாயைத் தளர்த்தும்தான். 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி இந்த வழக்கத்தை மதராஸிலிருந்துதான் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அப்புறம் ஆஸ்துமா சிகரெட் என்றே அங்கே விற்றார்கள். இலையில் அட்ரோப்பின் வகைச் சரக்கு இருக்கிறது. அது மூளைக்கும் ஏறும், பிதற்றல் வரும், அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. அதே குடும்ப மருந்தை மூளைக்குள் எளிதில் போகாத மாதிரி மாற்றிச் செய்ததுதான் இப்ராட்ரோப்பியம், டியோட்ரோப்பியம் எல்லாம். ஆக மாமா கையில் இருப்பது ஊமத்தையின் பேரப்பிள்ளை. பாட்டனைத் தேடிப் போக வேண்டாம்.

சண்முகம்: சரி சரி. அழித்துவிட்டேன்.

சரவணன்: கவிதா, ஒரு சந்தேகம். பீடிப் புகையால் குழாய் வீங்கிப் போயிருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். இந்தப் பொடி வீக்கத்தைக் குறைக்குமா?

கவிதா: நல்ல கேள்வி அத்தான். நரம்பு நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்று ஒன்று சுரக்கும். அது பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளியும் கூடும். இந்த மருந்து அதற்கு முன்பே போய் அது ஒட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. டியோட்ரோப்பியம் எழுந்திருக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால்தான் தினம் ஒரு தடவை. இப்ராட்ரோப்பியம் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். புகையில் வைத்த விலங்குகளிடம் டியோட்ரோப்பியம் வீக்கத்தையும் குறைத்தது என்று ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் உறுதியாகத் தெரிவது, குழாய் திறக்கும், திடீரென்று மோசமாவது குறையும். வீக்கத்துக்கு மருந்து என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

சரவணன்: அப்போ பீடியை விடாமல் இதை மட்டும் இழுத்தால்?

கவிதா: அதைத்தான் அமெரிக்கா, கனடாவில் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. 5887 பேர், எல்லாரும் புகைப்பவர்கள், 5 வருடம். இப்ராட்ரோப்பியம் இழுக்கிற வரைக்கும் மூச்சு விடும் திறன் கொஞ்சம் கூடியிருந்தது, நிறுத்தினதும் அதுவும் போய்விட்டது. வருடா வருடம் நுரையீரல் சரிவதை அது தடுக்கவில்லை. புகைப்பதை நிறுத்தியவர்களுக்குத்தான் சரிவு குறைந்தது.

பால்ராஜ்: நான் விட்டாச்சு.

செல்வி: தென்னை மரத்தடியில் கிடக்கிற துண்டு யாருடையதாம்?

பால்ராஜ்: காபிக்கு அப்புறம் ஒன்றே ஒன்று.

சண்முகம்: மாப்பிள்ளை, மாட்டினீர்.

கவிதா: மாமா, நிக்கோட்டின் சூயிங்கம் நம் கடையிலேயே இருக்கிறது. எவ்வளவு எடுக்கணும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா?

செல்வி: ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறார். போய் நின்றால் சீக்கிரம் வருவதில்லை என்கிறார். வயதாகிவிட்டது என்றுதான் விட்டுவிட்டோம்.

பால்ராஜ்: குழுவில் போட வேண்டிய விஷயமா இது?

கவிதா: குழுவில் வேண்டாம் மாமா, டாக்டரிடம் சொல்லணும். புராஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி, வீங்கியிருந்தால் இந்த மருந்து சிறுநீரை இன்னும் அடைக்கலாம். இதுவரை விழுங்கினீர்கள், இனிமேல்தான் சரியாக உள்ளே போகப்போகிறது. அதனால் இன்றைக்குப் போன் போடும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். எப்போதாவது சுத்தமாக நின்றுபோனால் நேரே ஆஸ்பத்திரிதான். வாய் உலர்ந்தால் அது சாதாரணம், தண்ணீர் குடித்தால் போதும்.

சரவணன்: கவிதா, திடீரென்று மூச்சு முட்டினால்?

கவிதா: நீல நிற ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்களே, அதுதான் அவசரத்துக்கு. இந்தப் பொடியை அப்போது எடுக்கக் கூடாது. ஸ்ப்ரேக்கும் அடங்கவில்லை என்றால் 108 கூப்பிடுங்கள்.

செல்வி: ஸ்ப்ரேயை விழுங்க முடியாது, அதுவரைக்கும் நல்லது. டாக்டர் லைனில் வருகிறார், பேசிவிட்டுப் போடுகிறேன்.

செல்வி: பேசிவிட்டேன். இன்றைக்கு வேண்டாமாம், நாளை காலையில் மாமாவையும் கருவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவர் எதிரிலேயே இழுக்கணுமாம். சிறுநீர் விஷயத்துக்கு ஸ்கேன் எழுதுவாராம்.

கவிதா: கண் டாக்டர் சீட்டையும் எடுத்து வையுங்கள் அத்தை. கண் அழுத்தம் பற்றிக் கேட்பார்.

பால்ராஜ்: மச்சான், காலையில் உன் வண்டியைக் கொண்டு வா. பஸ்ஸில் என்னால் ஏற முடியாது.

சண்முகம்: ஏழு மணிக்கு வாசலில் நிற்பேன். காபி குடித்துவிட்டுத் தென்னை மரத்தடிக்குப் போயிராதீர்.