டெகால் சுத்தி வெள்ளையா தெரியுது, அவசரம்!!

ஸ்ப்ரூகட்டர்
டமியா கம்பெனியோட எஃப்-16 போர் விமான பிளாஸ்டிக் மாடல் கிட் பண்றேன். பெயின்ட் முடிச்சு டெகால் (தண்ணில நனைச்சு ஒட்டுற சின்னம், எழுத்து) ஒட்டியாச்சு. காஞ்சதும் ஒவ்வொண்ணையும் சுத்தி வெள்ளையா தெரியுது. ஞாயித்துக்கிழமை டிஸ்ப்ளேக்கு வைக்கணும். உரிச்சுடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

பிளாஸ்டிக்பித்தன்
எந்த ஸ்கேல்? என்ன பெயின்ட்? டெகாலுக்கு முன்னாடி கிளாஸ் கோட், அதாவது பளபளப்பான நிறமில்லாத மேல்பூச்சு அடிச்சீங்களா? டெகாலை இளக்குற சொல்யூஷன் ஏதாவது போட்டீங்களா?

ஈரக்காத்து
ஈரப்பதம்தான், வேற ஒண்ணுமில்ல. மழை நாள்ல லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்சா இப்படித்தான் வெள்ளையா பூக்கும். தின்னர் வேகமா ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சுடும். காயறதை மெதுவாக்குற ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிசா ஒரு மிஸ்ட் அடிங்க, தெளிஞ்சுடும்.

பிளாஸ்டிக்பித்தன்
ஈரக்காத்து சார், அவர் கிளியர் அடிச்சேன்னே இன்னும் சொல்லலையே. நீங்க சொல்றதுன்னா இறக்கை முழுக்க வெளுத்திருக்கணும். ஸ்ப்ரூகட்டர், டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. வெள்ளை டெகால் ஃபிலிம் (படத்தைத் தாங்குற மெல்லிய படலம்) விளிம்போட நின்னுடுதுன்னா அது சில்வரிங், ஃபிலிமுக்கு அடியில காத்து மாட்டுறது. தின்னர் எதையும் இப்போ அடிச்சுடாதீங்க, டெகால் கரைஞ்சுடும்.

மூத்தவன்72
மேல தேடல் பெட்டி ஒண்ணு இருக்கு தம்பி, அலங்காரத்துக்கு வைக்கலை. மேட், அதாவது பளபளப்பில்லாத பரப்பு மேல டெகால் ஒட்டக்கூடாதுங்கிறது முதல் கிட்லயே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

ஸ்ப்ரூகட்டர்
1/48. பெயின்ட் கிரியோஸ் ஹெச் 305, 306, 308, மூணும் கிரே. பெயின்டுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னு மேட் கிளியர் அடிச்சுட்டுதான் ஒட்டினேன். ஃபிலிமுக்கு உள்ளதான் வெள்ளை. வெறும் தண்ணிதான், சொல்யூஷன் எதுவும் போடலை.

பிளாஸ்டிக்பித்தன்
அதேதான். மேட் பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஃபிலிம் மேடுகள் மேல மட்டும் உட்காருது, பள்ளத்துல காத்து மாட்டிக்குது. அந்தக் காத்துதான் வெள்ளையா மினுக்குது. உரிக்க வேண்டாம்.

புது பிளேடு முனையால வெள்ளை இருக்கிற இடத்துல மட்டும் குத்துங்க, மில்லிமீட்டருக்கு ஒரு குத்து போதும். கீறக்கூடாது. அதுக்கு மேல டெகாலை இளக்குற மிஸ்டர் மார்க் சாஃப்டரைப் பிரஷ்ல தடவுங்க, ஓட்டை வழியா உள்ள இறங்கும். ஃபிலிம் சுருங்கும். பயந்துபோய் விரல் வெச்சுடாதீங்க, தானா படியும். நல்லா காயவிட்டுத் திரும்பப் பாருங்க. மிச்சம் இருந்தா அதே வேலைதான். உங்களது அக்ரிலிக் பெயின்ட், அதனால முதல்ல பைலான் (இறக்கைக்கு அடியில ஆயுதம் மாட்டுற தாங்கி) ஒட்டுற இடம் மாதிரி மறைவான பக்கத்துல ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க.

நாலாவதுகோட்
டமியா டெகால் தடிமன். சாஃப்டர் அசைக்கலைன்னா அதே வேலை செய்யுற டமியா மார்க் ஃபிட் ஸ்ட்ராங் போடுங்க. அடுத்த கிட்ல டமியாவோட பளபளப்பு கிளியர் எக்ஸ்-22-வை கிரியோஸ் லெவலிங் தின்னரோட ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து, ரெண்டு மூணு மெல்லிய கோட் அடிச்சு, ஒரு நாளாவது காயவிட்டு ஒட்டுங்க. வெதுவெதுப்பான தண்ணி. ஒட்டினதும் காட்டன் பட்ஸை நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா உருட்டணும், தேய்க்கக்கூடாது.

ஆமா, 305-ஐ அப்படியேவா அடிச்சீங்க? 1/48 ஸ்கேல்ல ரொம்ப கருக்குமே. பத்துல ஒரு பங்கு வெள்ளை கலக்கணும்.

மூத்தவன்72
ஆரம்பிச்சாச்சா ஸ்கேல் எஃபெக்ட் பஜனை, சின்ன மாடல்னா கலரை வெளுக்கணும்னு. 305-ங்கிறது அமெரிக்க அரசு கலர் நம்பர்ல எஃப்.எஸ். 36118. அந்த நம்பர்தான் அந்த விமானத்துக்கு, முடிஞ்சது.

நாலாவதுகோட்
பெயின்ட் ஷாப்லேர்ந்து வந்த அன்னிக்கு 36118. வெயில்ல நின்ன பிறகுமா? பேனலுக்குப் பேனல் சாயம் மாறி, டச்-அப் திட்டுத்திட்டாத் தெரியும்.

மூத்தவன்72
அது வெதரிங், வெயில் மழைல பழசானதைக் காட்டுறது. அடிப்படை கலர்ல வெள்ளையைக் கொட்டுறது வேற. இதுல கலருக்கு முன்னாடியே பேனல் லைனுக்கெல்லாம் கறுப்பு அடிக்கிற ப்ரீ-ஷேடிங் வேற போட்டு, ஜெட்டைக் கட்டம் போட்ட லுங்கி ஆக்கிடுறீங்க.

ஈரக்காத்து
இப்போ பல எஃப்-16 ரேடார்ல கம்மியா தெரியுற ஹேவ் கிளாஸ் 5 பூச்சுக்கு மாறியாச்சு, உடம்பு முழுக்க 36170 ஒரே கலர். உங்க சண்டை தேவையில்லை 😄

பிளாஸ்டிக்பித்தன்
அவர் எடுத்திருக்கிற 305, 306, 308 பழைய மூணு கிரே ஸ்கீம். மேல 36118, மூக்குப் பக்கமும் வாலும் 36270, அடியில 36375. அது சரியாத்தான் இருக்கு. டெகாலுக்கு வாங்க.

ஸ்ப்ரூகட்டர்
சின்ன ஸ்டென்சில் எல்லாம் சரியாயிடுச்சு, நன்றி. வால்ல டபிள்யூ டபிள்யூ எழுத்துக்கு நடுவுல மட்டும் கொஞ்சம் நிக்குது. மேட் அடிச்சு மூடிடலாமா?

பிளாஸ்டிக்பித்தன்
வேண்டாம், உள்ள இருக்கிற காத்து மேட் அடிச்சாலும் தெரியும். 306-ஐ நல்லா தண்ணியாக்கி, 000 பிரஷ்ல எழுத்துகளுக்கு இடையில இருக்கிற வெறும் ஃபிலிம் மேல டச் பண்ணுங்க. சாஃப்டர் கறையை ஈரத்துணியால துடைச்சுட்டு எக்ஸ்-22 ஒரு கோட், காஞ்சதும் பேனல் லைன் வாஷ் (கோட்டுக்குள்ள ஓடவிடுற நீர்த்த சாயம்), கடைசியா மேட். மேட்டுக்கு மட்டும் ஈரக்காத்து சொன்னதைக் கேளுங்க, மழை பெய்யும்போது அடிக்காதீங்க.

நாலாவதுகோட்
அந்த 306-லயும் வெள்ளை ஒரு சொட்டு...

மூத்தவன்72
🙏