ஸ்டேட்டிக் ஷாக் (எதையாவது தொட்டா டப்புனு அடிக்குமே, அது): இன்னும் மனசை விட்டுப் போகாத உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பனியூர் அப்பா:
நானே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவுல மினியாபொலிஸ், ஜனவரி மாசம், வெளிய மைனஸ் 20, உள்ள ஹீட்டர் நாள் பூரா ஓடுது, தரை முழுக்க கார்ப்பெட். அந்தக் குளிர்ல இருந்தவங்களுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல, சுவிட்சைத் தொட்டா ஷாக், குழாயைத் தொட்டா ஷாக். அன்னிக்கு ராத்திரி கம்பளி சாக்ஸோட காலைத் தேய்ச்சுக்கிட்டே வந்து, அவங்கம்மா மடியில படுத்திருந்த 9 மாசப் பாப்பா கன்னத்தைத் தொட்டேன். டப்புனு சத்தம். லைட் போடல, அதனால என் விரல்ல இருந்து அவ கன்னத்துக்கு நீலமா ஒரு கீத்து பாயுறதைக் கண்ணால பார்த்தேன். அழுறதுக்கு முன்னாடி ஒரு நொடி என்னையே பார்த்தா. 3 வருஷம் ஆச்சு, அந்தப் பார்வை போகல. என் உடம்புல அவ்ளோ கரண்ட் எப்படி ஊறுது?

மில் ஷிப்ட்காரன்:
கோயமுத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுங்க, டிராஃப்ரேம்ல, அதான் பஞ்சுத் திரியை இழுத்து நேராக்குற மெஷின்ல, நிக்கிறேன். பாலியஸ்டர் ஓடிட்டு இருந்துச்சு, ஏப்ரல் வெயில், காத்துல ஈரம் ஏத்துற ஹ்யுமிடிஃபிகேஷன் பிளான்ட் நின்னு போச்சு. அரை மணி நேரத்துல ஸ்லைவர், அதான் அந்தத் திரி, ரோலர்ல சுத்த ஆரம்பிச்சிருச்சு, வெட்டி எடுத்தா திரும்ப சுத்துது. திரி விழுற கேன் பக்கம் குனிஞ்சேன், நான் தொடவே இல்லைங்க, பஞ்சு தானா எந்திரிச்சு என் முழங்கையில வந்து ஒட்டுச்சு, கைமுடி அத்தனையும் குத்திட்டு நின்னுச்சு. உசுரு இருக்கிற மாதிரி இருந்துச்சு அந்தப் பஞ்சு. அதுக்கப்புறம் ஷிப்டுக்குப் போனா முதல்ல காத்துல ஈரம் எவ்ளோன்னு காட்டுற ஆர்.எச். மீட்டரைத்தான் பார்க்குறேன்.

செல் சர்வீஸ் பையன்:
மில் அண்ணா, மெஷினுக்கு எர்த் ஒழுங்கா குடுத்திருந்தா இது வந்திருக்காதுண்ணா.
என் கதை. ஒரு அக்கா செத்துப்போன அவங்க அப்பா போட்டோ எல்லாம் இருக்குன்னு ஒரு போனைக் குடுத்தாங்க. போர்டைக் கழட்டி சாதா பாலித்தீன் கவர்ல போட்டு வச்சுட்டு சாப்பிடப் போனேன். வந்து எடுத்தேன், ஷாக் எதுவும் தெரியல, ஆனா போர்டு எந்திரிக்கவே இல்ல. காலையில ஆன் ஆன போர்டுண்ணா அது. நமக்கு ஷாக் உறைக்கவே கிட்டத்தட்ட 3000 வோல்ட் வேணுமாம், சில சிப் சாக 100 வோல்ட்டே போதுமாம். அப்போ நான் கொன்னேனா, இல்ல அதுவா போச்சா? அந்த அக்கா ஒண்ணும் திட்டல, கவரை வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப கையில ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்புல சேர்றதை எர்த்துக்கு இறக்குற கைப்பட்டை) இல்லாம ஸ்க்ரூகூட கழட்டுறதில்ல.

மில் ஷிப்ட்காரன்:
தம்பி, மெஷினுக்கு எர்த் பக்காவா இருக்கு. எர்த் பண்ணினா இரும்புல இருக்கிற சார்ஜ் (மின்னூட்டம்) ஓடிரும், பாலியஸ்டர்ல இருக்கிறது ஓடாது, அது இன்சுலேட்டர், சார்ஜ் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கும். காத்துல ஈரம் இருந்தா பஞ்சு மேல தண்ணி மெல்லிசா படியும், அது வழியாத்தான் இறங்கும். 20 வருஷமா பார்க்குறேன்.

பாலிடெக்னிக் வாத்தியார்:
மில்காரர் சொல்றது சரி. பனியூர் தம்பிக்கு: உடம்புல கரண்ட் ஊறல. ரெண்டு பொருள் ஒட்டிப் பிரியும்போது ஒண்ணுல இருந்து எலக்ட்ரான் இன்னொண்ணுக்குப் போகுது, ஒரு பக்கம் கூடுது, இன்னொரு பக்கம் குறையுது, மொத்தம் மாறாது. கார்ப்பெட்டுல நீங்க வச்ச ஒவ்வொரு அடிக்கும் இது நடக்கும், காஞ்ச காத்துல இறங்க வழியில்லாம உடம்புலயே சேரும், 10,000 வோல்ட் தாண்டும். காத்து ஒரு மில்லிமீட்டருக்குச் சுமாரா 3000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், விரல் கிட்ட வந்ததும் காத்தோட தடுப்பு உடைஞ்சு சார்ஜ் பாயுது, அதுதான் நீங்க பார்த்த நீலக் கீத்து. வோல்டேஜ் பெரிசுதான், ஆனா சேர்ந்த சார்ஜ் துளியூண்டு, அதனால பாப்பாவுக்கு வலிச்சிருக்குமே தவிர ஆபத்து இல்ல, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. குழந்தையைத் தூக்குறதுக்கு முன்னாடி சாவியைக் கையில இறுக்கிப் பிடிச்சு அதோட முனையால குழாயையோ கதவுக் கைப்பிடியையோ தொடுங்க, பொறி சாவியில பாயும், கையில பரவலா இறங்குறதால வலிக்காது. கார்ல இருந்து இறங்கும்போது உக்காந்திருக்கும்போதே கதவோட இரும்பைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க, விட்டுட்டு இறங்கி அப்புறம் தொட்டாத்தான் அடிக்கும். ரூம்ல ஹ்யுமிடிஃபையர் வைங்க. பருத்தி சாக்ஸ் போடுங்க. செல் தம்பி, பாலித்தீன் கவர் போர்டைத் தொடணும்னுகூட இல்ல, சார்ஜ் ஏறின கவர் பக்கத்துல இருந்தாலே போர்டுல எலக்ட்ரான் இடம் மாறி நிக்கும், அந்த நேரம் நீ விரலை வச்சா அது உன் வழியாப் பாயும். சார்ஜ் சேராத ஆன்டிஸ்டேட்டிக் கவர் வாங்கி வை. ஸ்ட்ராப் வயர்ல கரண்டை மட்டுப்படுத்துற 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாரு, மெயின் கரண்ட் தவறிப் பட்டா உன்னைக் காப்பாத்துறது அதுதான்.
என் அனுபவம்னு பெரிசா இல்ல, லேப்ல ஒரு பொண்ணோட ரெட்டை ஜடையில பிரிஞ்சிருந்த முடி தேய்ச்ச பிளாஸ்டிக் ஸ்கேலைப் பார்த்து எந்திரிச்சப்போ கிளாஸே எந்திரிச்சுது, அது போதும் எனக்கு.

டேங்கர் ஓட்டுறவன்:
வாத்தியாரே ஆபத்து இல்லன்னு பொதுவா சொல்லாதீங்க. பெட்ரோல் ஆவி பத்த நீங்க சொல்ற துளியூண்டு பொறியே தாராளம். ராத்திரி 2 மணி, பங்க்ல லோடு இறக்குறோம், பெட்ரோல் ஓஸ்ல ஓடும்போதே சார்ஜ் ஏறும், அதுக்குத்தான் முதல்ல வண்டி இரும்புல கடிக்கிற எர்த் கிளிப். கிளீனர் பையன் மாட்டிட்டேன்னான், நானும் போய்ப் பார்க்காம வால்வைத் திறந்துட்டேன். பாதி இறங்கினப்புறம் டார்ச் அடிக்கிறேன், கிளிப் பெயிண்ட் மேல கடிச்சிட்டு நிக்குது. பெயிண்ட் மேல மாட்டினா மாட்டாததுக்குச் சமம். அந்தக் கிளிப்பைக் கழட்டி வேற இடத்துல மாட்ட ஓடலாமா, கழட்டுறப்பவே பொறி வந்துட்டா? ஒண்ணும் தோணல, வால்வை மட்டும் மூடிட்டு வண்டியை விட்டு விலகி ரொம்ப நேரம் நின்னோம், ரெண்டு பேரும் பேசல. அந்தப் பையன் இப்ப டிரைவர், அவன் பெயிண்டைச் சுரண்டித்தான் மாட்டுறானாம்.

பனியூர் அப்பா:
நன்றி வாத்தியார் சார். நேத்து சாவியால தொட்டேன், முனையில பொறி தெரிஞ்சுது, கையில ஒண்ணுமே இல்ல. பொண்ணு பக்கத்துல நின்னு பார்த்தா. இன்னிக்குக் காலையில என்கிட்ட வந்து, "சாவி தொட்டியாப்பா?"ன்னு கேட்டுட்டுத்தான் கன்னத்தைக் காட்டினா.