ஹீமோகுளோபின் 8.6, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

கருங்கல்காரி:
வயது 38, அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலை. ஒரு வருஷமாக மாதவிலக்கு வந்தால் வாரம் தாண்டியும் நிற்பதில்லை, முதல் ரெண்டு நாள் கட்டி கட்டியாகப் போகிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நிற்கப் போகிற நேரம், எல்லாருக்கும் அப்படித்தான் என்கிறார் மாமியார். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன்கூட எடுக்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். பயமாக இருக்கிறது.

தக்கலை நர்ஸ்:
ஸ்கேன் பார்க்காமல் எடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான் தங்கச்சி. 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8.6 என்றால் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் போனாலும், மணிக்கொரு தரம் பேட் நனைந்தாலும் அதைச் சாதாரணம் என்று விடக்கூடாது, உங்க மாமியார் சொன்னாலும் சரி. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வளரும் சாதாரணக் கட்டி) இருக்கலாம், தைராய்டு கோளாறாக இருக்கலாம், ஹார்மோன் மாற்றமாகவும் இருக்கலாம். ஸ்கேன், தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) மூன்றும் பாருங்கள். உங்கள் வயதுக்குத் தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் சிறு துண்டு எடுத்தும் சோதிப்பார்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மகப்பேறு ஓபி இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள்.

குழித்துறை சேச்சி:
உளுந்தங்களியும் கருப்பட்டியும் தினமும் சாப்பிடுங்க மக்களே, சீக்கிரம் சரியாகும்.

தக்கலை நர்ஸ்:
சேச்சி, களி நல்ல சாப்பாடுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 8.6 களியால் ஏறாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். அதை முழுங்கிவிட்டு உடனே கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடித்தால் பாதி வீண், ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், மாத்திரையை எலுமிச்சை தண்ணியோடு முழுங்கினால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு ஏறியதும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் உடம்பில் இருப்பு சேரும்.

மார்த்தாண்டம் 77:
எனக்கு ஃபைப்ராய்டு இருந்தது. போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும் போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார்கள் (ரத்தம் உறையும் பிரச்சினை முன்பு வந்தவர்களுக்கு அது ஆகாது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்), அப்புறம் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் காயில் (ஹார்மோன் சுரக்கும் சிறு கருவி) வைத்தார்கள். இப்போது ரொம்பக் குறைவு, சில மாதம் வருவதே இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால் சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறீர்களா என்று கேளுங்கள், காரணம் இல்லாமல் அதையும் எடுத்தால் 38 வயதிலேயே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல.

கருங்கல்காரி:
நன்றி அக்கா. லீவு போட்டால் அன்றைக்குக் கூலி போகும், ஆபீஸில் ஒழுங்கான கக்கூஸும் இல்லை, காலையில் வைத்த பேடோடுதான் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறோம். அதனாலும் போக்கு கூடுமா?

தக்கலை நர்ஸ்:
போக்கு கூடாது. ஆனால் தொடையில் புண்ணும் அரிப்பும் வரும், கக்கூஸுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்பும் வரும். நாலைந்து மணிக்கொரு தரம் மாற்றியாக வேண்டும், கக்கூஸ் கேட்பது உங்கள் உரிமை, கூட வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். தலைசுற்றி விழுகிற மாதிரி இருந்தால் மட்டும் ஓபி நாளுக்குக் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.