எட்டில் ஒன்று பெரிசா, நாலில் ஒன்று பெரிசா? வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவங்கள்

சிவதாபுரம் அம்மா:

பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. முழு எண் கணக்குல ஒரு தொந்தரவும் இல்லை. பின்னம் வந்ததும் நோட்டைத் திறக்கவே பயந்தா. போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம், 1/4, 1/8 ரெண்டுல எது பெரிசுன்னு கேட்டேன். யோசிக்காம 1/8ன்னா. சரியான விடையைப் பத்துத் தடவை எழுத வெச்சேன். எழுதி முடிச்ச பிறகு கேட்டாலும் 1/8தான். கோபத்துல நோட்டைப் பிடுங்கி எறிஞ்சிட்டேன். அவ அழுதுக்கிட்டே, "எட்டு நாலைவிடப் பெரிசுதானேம்மா"ன்னு கேட்டா. ஏன் அப்படிச் சொல்றேன்னு நான் முதல்லயே கேட்டிருந்தா, அன்னைக்கு அவ அழுதிருக்க மாட்டா. இன்னும் மனசு உறுத்துது.

அடுப்படியில இருந்த எங்க அத்தை, "கண்ணு, அந்த அரைக்கால் படியை எடுத்துட்டு வா"ன்னு கூப்பிட்டாங்க. எங்க வீட்டுல பழைய பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இருக்கு. உழக்குன்னா கால் படி. ஆழாக்கு அதுல பாதி, அதாவது அரைக்கால் படி. அரிசியை அளந்து அளந்து படியில கொட்டச் சொன்னாங்க. உழக்குல நாலு தடவையில நிரம்பிடுச்சு. ஆழாக்குல எட்டு தடவை. பொண்ணு ஆழாக்கைக் கையில வெச்சுக்கிட்டு, "அப்போ கீழ இருக்கிற எட்டு எத்தனை தடவைங்கறதா அப்பாயி? தடவை கூடினா அளவு சின்னதாயிடுமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தத் தப்பு வரவே இல்லை.

அந்தப் பேரையே பாருங்க. அரைக்கால்னா காலில் அரை. 1/2ஐ 1/4ஆல பெருக்கினா 1/8. முக்கால்னா மூணு கால். பெருக்கல் பேருக்குள்ளேயே இருக்கு. நாமதான் பிள்ளைங்ககிட்ட "ஒன் பை எயிட்"னு சொல்லிச் சொல்லி இதை மறந்துட்டோம்.

தசமத்துக்கு எங்க வீட்டுக்காரரோட கொலுசுப் பட்டறைதான் உதவுச்சு. 45 பெரிசு, 5 சின்னது, அதனால 0.45தான் 0.5ஐவிடப் பெரிசுன்னு சாதிச்சா. இந்தத் தடவை நான் தப்புன்னு சொல்லலை. அவங்கப்பா எலக்ட்ரானிக் தராசுல சலங்கைகளை ஒவ்வொண்ணா வெச்சு, சரியா அரை கிராம் நிறுத்திக் காட்டச் சொன்னார். தராசுல 0.50ன்னு வந்துச்சு. "அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்துச்சுப்பா?"ன்னா. அந்த ஒரு கேள்வியிலயே பாதிப் பாடம் முடிஞ்சிடுச்சு. இப்போ டச் கணக்கும் போடுறா. 80 டச்ன்னா நூறு கிராமுக்கு 80 கிராம் வெள்ளி. 250 கிராம் கொலுசுன்னா 200 கிராம். சதவீதப் பாடத்துக்கு முன்னாடியே சதவீதம் வந்துடுச்சு.

ஏற்காடு அப்பா:

அக்கா, தப்பு விடைக்குள்ளயும் ஒரு காரணம் இருக்கும்கறதை நானும் பார்த்திருக்கேன். சரியான விடைக்குள்ள நான் கவனிக்காததை என் பையன் கவனிச்ச கதை இது.

அவன் நாலாவது. சேலத்துல இருந்து பஸ்ஸுல மேல வரும்போது கொண்டை ஊசி வளைவை எண்ணுவான். மொத்தம் 20. அஞ்சாவது தாண்டினதும், "எவ்வளவு பங்கு வந்துட்டோம்?"னு கேட்டேன். "கால்"ன்னான். சரின்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "வளைவுலதான்ப்பா கால். தூரத்துல இல்லை. ரெண்டு வளைவுக்கு நடுவுல சில இடம் நீளமா இருக்கே"ன்னான். நான் அப்படி யோசிச்சதே இல்லை. அன்னையில இருந்து எங்க வீட்டுல பின்னம் சொன்னா உடனே "எதுல?"ன்னு கேட்போம். பச்சை மிளகு காய்ஞ்சா ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் நிக்கும். களத்துல சாக்கை எடை போடும்போது, "எடையிலயா, எண்ணிக்கையிலயா?"ன்னு கேட்கிறான். மணி எண்ணிக்கை குறையாதே, தண்ணிதானே போகுதுன்னு அவனே பதிலும் சொல்லிக்கிறான்.

இன்னொண்ணு, கணக்குப் போடறதுக்கு முன்னாடி உத்தேசமா ஒரு விடை சொல்லச் சொல்வேன். சேலம் 278 மீட்டர் உயரம், ஏற்காடு 1515. எவ்வளவு ஏறுறோம்? 1500ல 300 போனா 1200ன்னு முதல்ல சொல்லிடுவான். அப்புறம் கழிச்சா 1237. கடன் வாங்கறதுல தப்பு செஞ்சு 1347ன்னு எழுதின அன்னைக்கு, 1200க்கு இவ்வளவு தள்ளி வருதேன்னு அவனே அழிச்சுட்டு மறுபடி போட்டான்.

அம்மாபேட்டை டியூஷன் டீச்சர்:

பதினைந்து வருஷமாக நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். என்னிடம் வரும் பெற்றோர் அதிகம் கேட்பது வகுத்தல். 824ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால் 26 என்று எழுதிவிடுவார்கள். நடுவில் வரவேண்டிய பூஜ்யம் காணாமல் போய்விடும். விதியைச் சொன்னால் ஒரு வாரம் நிற்கும், பிறகு மறந்துவிடும். நான் காகிதத்தில் வெட்டிய நூறு, பத்து, ஒரு ரூபாய் நோட்டுகளைக் கொடுத்து நாலு பேருக்குப் பிரிக்கச் சொல்வேன். நூறு ரூபாய் ஆளுக்கு இரண்டு. பத்து ரூபாய் நோட்டு இரண்டுதான் இருக்கிறது, நாலு பேருக்கு வராது. "யாருக்கும் இல்லை" என்று கை விரிப்பார்கள். அந்த "இல்லை"யை எழுது என்பேன். பிறகு அந்த இருபதைச் சில்லறை மாற்றி 24ஐப் பிரித்தால் ஆளுக்கு ஆறு. விடை 206.

சிவதாபுரத்து அம்மாவுக்கு ஒன்று. பழைய தமிழ்ப் பின்னப் பெயர்களில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி. மகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை நான் சொல்ல மாட்டேன்.

சிவதாபுரம் அம்மா:

டீச்சர், நேத்து ராத்திரி சொன்னேன். முதல்ல 2/100ன்னு எழுதினா. நான் வாயைத் திறக்கலை. "ஒரு ரூபாயில மா எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டேன். அஞ்சு பைசான்னா. 2/100ன்னா ரெண்டு பைசாதானே, ஒரு மாவைவிடக் குறைஞ்சு போச்சேன்னு அவளே அழிச்சா. அப்புறம் 1/20ஐ 4/80ன்னு மாத்தி, ஒண்ணைக் கூட்டி 5/80, சுருக்கினா 1/16. வீசம்னாலும் அதே 1/16தான். எங்க அத்தைக்கு மாகாணியும் வீசமும் ஒண்ணுதான்னு வாய்ப்பாடா தெரியும். ஏன்னு இத்தனை வருஷமா யாரும் சொன்னதில்லையாம். பேத்தி எழுதின சிலேட்டை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, "இதை அழிச்சிடாத கண்ணு, காலையில இன்னொரு தடவை சொல்லு"ன்னாங்க.