மறுமொழி: 'விசாரணை எந்திரன்' வேண்டாமே

வணக்கம்.

துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகளிடம் நடந்ததைக் கேட்டறியும் றோபோவைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு மதுரை நண்பர் முன்வைத்த 'விசாரணை எந்திரன்' எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்தில் விசாரணை என்றால் பெரியவர்களுக்கே வயிறு கலங்கும். துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைக்கு முன்னால் அந்தப் பெயரோடு ஒரு பொம்மையைக் கொண்டுபோய் வைப்பதா? (உங்கள் பக்கத்து 'வன்கொடுமை'தான் இங்கே 'துஷ்பிரயோகம்'. அந்தச் சொல்லுக்கும் ஒருநாள் தனி இழை தொடங்கவேணும்.)

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், 8 முதல் 13 வயது வரையான 28 பிள்ளைகள் 'நாவோ' என்ற றோபோவோடு கதைத்தார்கள். அதன் உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். வினாக்கொத்தில் சொல்லாத கவலைகளைச் சில பிள்ளைகள் அதனிடம் சொன்னார்கள். அது மனநலம் பற்றிய ஆய்வு, துஷ்பிரயோகம் பற்றியதல்ல. ஆனாலும் தன்னைவிடக் குள்ளமான, முகம் சுளிக்காத ஒன்றிடம் பிள்ளை வாய் திறக்கிறது. இன்னொன்று: பெரியவர்கள் தம்மை அறியாமலே "மாமாதானே செய்தவர்?" என்று பதிலைக் கேள்விக்குள் திணித்துவிடுவார்கள். றோபோ, எழுதிக்கொடுத்த கேள்வியை எழுதியபடியே கேட்கும்.

'தோழன்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தோழன் இரகசியம் காப்பவன். "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே ஒருவன் சொல்லிவிட்டான். இந்தக் கருவியோ கேட்டதைப் பொறுப்பான மனிதரிடம் சேர்த்தே ஆகவேணும், இங்கே நாங்கள் சிறுவர் உதவிக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதுபோல.

'கேட்பான்'? தமிழில் கேட்டல் வினவுவதும்தான், செவிகொடுப்பதும்தான். அழகான இரட்டை. ஆனால் இந்த வேலையில் அந்த இரண்டையும் பிரித்தே ஆகவேணும். 'கேளி' என்றால் வகுப்பறையில் கேலியாகிவிடும்.

ஆகவே என் சொல் 'செவிமடு றோபோ'. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. ஆண்பால் 'அன்' விகுதியை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். 'ரோபோ' என்று எழுதுகிறவர்கள் அப்படியே எழுதட்டும், றகரச் சண்டை இன்றைக்கு வேண்டாம். 'செவிமடு' பிள்ளைக்குப் புரியாது என்பீர்கள். அது கேள்விகளை எழுதப்போகிறவர் பாவிப்பதற்கான பெயர். பிள்ளை தானே ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்ளும்.

ஒன்று மிச்சம். இத்தகைய ஆய்வுகளில் பல நேரம் மறைவிலிருந்து ஒரு மனிதரே றோபோவை இயக்குகிறார். அவருக்கு என்ன பெயர்? பொம்மலாட்டத்தின் 'சூத்திரதாரி' பொருத்தம்தான், ஆனால் இங்கத்தைப் பத்திரிகைகளில் குற்றச்செயலுக்குப் பின்னால் நிற்பவன்தான் 'பிரதான சூத்திரதாரி'. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

கொக்குவிலிலிருந்து,
அன்புடன்