பேரிங் வண்டிக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் மகனுக்குப் பத்து வயது. வீட்டில் கிடந்த பலகையைப் பார்த்துவிட்டு, பேரிங்கையே சக்கரமாக வைத்து ஓட்டும் பேரிங் வண்டி செய்தே தீருவேன் என்று நிற்கிறான். படமும் வரைந்துவிட்டான்: பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று, காலால் திருப்ப ஒரு குறுக்குக்கட்டை.

மெக்கானிக் கடையில் 6203 என்ற அளவு எண் கொண்ட பழைய பேரிங் மூன்று கிடைத்தன. உள்துளை 17 மி.மீ. அச்சுக்கட்டை முனையை அந்த அளவுக்குச் செதுக்கினால் இரண்டு முறையும் பிளந்துவிட்டது. வேம்பு சரிவருமா, கருவேலம் தேடட்டுமா? இல்லை, 20 மி.மீ. துளையுள்ள 6204க்கு மாறிவிடலாமா?

அப்புறம் பிரேக். இதுதான் எனக்குக் கவலை. சிமெண்டுச் சாலையில் இரும்பு வழுக்கும், காலை ஊன்றினால் நகம் பெயரும். பின் பேரிங்கில் பழைய டயர்த் துண்டு உரசும்படி ஒரு கட்டை வைக்கலாம் என்கிறான். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ரம்பத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். பக்கத்தில் நிற்கிறேன், பிடுங்குவதில்லை. முதல் நாள் விரலில் லேசாகக் கீறியது. மறுநாள் அவனாகவே கட்டையை ஸ்டூலில் வைத்து மிதித்துக்கொண்டு அறுத்தான். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது.

ஆனால் சரிவில் ஓட்டுவது வேறு விஷயம். முதல் ஓட்டத்துக்கு எவ்வளவு சரிவு போதும்? உங்கள் பிள்ளைகளை எதுவரை விட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறான், அதற்குள் சொன்னால் நல்லது.